முகம் பொருந்தவில்லை

என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல. மூஞ்சி பாக்கற வேலைங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு நாளைக்கு நூத்தம்பது மூஞ்சி பாக்கோணும். ஆதார்ல இருக்கற மூஞ்சியும் கேமரா முன்னால உக்காந்திருக்கற மூஞ்சியும் ஒண்ணுதானான்னு பாத்து, பச்சை பட்டனையோ செவப்பு பட்டனையோ அமுக்கோணும். பதினோரு வருசம் சிம் கார்டு கம்பெனில இதே வேலை. இப்ப மூணு வருசமா பிட்காயின் வாங்கி விக்கற கம்பெனில. கோயமுத்தூர்லதான், கம்பெனி பேரு வேண்டாமுங்க. எங்க தொழில்ல மொதப் பாடமே வாயைத் தொறக்கக் கூடாதுங்கறதுதான்.

நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க, எனக்கு வெயில் ஆகாது. வெளிய பாத்துட்டே கேளுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நாளெல்லாம் மூஞ்சியவே பாத்துட்டுக் கெடந்து, வெளிய வந்தா யாரு மூஞ்சியையும் பாத்துப் பேசப் புடிக்கறதில்லைங்க எனக்கு. செவுத்தைப் பாத்துப் பேசறீங்கன்னு வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டா.

உடுமலைல ஏறினீங்க, ஒட்டன்சத்திரம் டிக்கெட்டு. ஒரு ஆளைப் பாக்கப் போறீங்களா? சரி சரி. நான் பெரியகுளம் போறனுங்க. தேனி பஸ்ஸுன்னு பாத்துத்தான் கோயமுத்தூர்ல ஏறினேன். நல்ல காரியமாத்தான் போறேன். ஒரு அம்மணியோட காசு ரெண்டு வருசமா எங்க கம்பெனில நின்னு கெடக்குது. அதைத் தொறந்து விட்டுட்டு வந்துட்டா எனக்கு மனசு லேசாயிரும். பொதுவா நாங்க யாரு வீட்டுக்கும் நேர்ல போறது கெடையாது. இது வேற.

இந்தக் காயின் தொழில் எப்படி இருந்துச்சு தெரியுங்களா? யாரு வேணா, எந்தப் பேர்ல வேணா வாங்கலாம், விக்கலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பொறவு அரசாங்கம் சொல்லிருச்சு, பேங்காட்டவே நீங்களும் ஆளு யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கோணும், சந்தேகம்னா நிறுத்தி வெக்கோணும், அஞ்சு வருசம் ரெக்கார்டைக் காப்பாத்தி வெக்கோணும்னு. சரியான சட்டந்தானுங்க. சூலூர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, வந்த பணத்தையெல்லாம் ஒரு போன் ஆப்புல காயினாப் போட்டாரு. போச்சு. எடுத்தவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஏன்னா அவனுக்கு மூஞ்சியே இல்லை. அதுக்குத்தான் எங்களாட்ட ஆளுங்க வேணுங்கறது.

எங்ககிட்ட வர்ற ஆளுங்க சண்டைக்கு நிப்பாங்க. என்ர காசு, என்ர இஷ்டம், உனக்கு எதுக்குச் சொல்லோணும்பாங்க. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவனுக்கு என்னங்க பயம்? அப்படித்தான் நான் நெனைச்சுட்டு இருந்தேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். இந்த அம்மணி விசயத்துல மட்டும் என்னமோ ஒண்ணு மனசுல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது.

பேரு சொல்ல மாட்டனுங்க. ஊரும் சொல்ல மாட்டேன். உடுமலைப் பக்கம்னு வெச்சுக்குங்க. ஆரி வேலை செய்யறவங்க. கல்யாண ஜாக்கெட்டுக்கெல்லாம் ஜரிகை, மணி வெச்சுத் தைப்பாங்களே, அது. மலேசியால ஒரு கடைக்காரம்மா ஆர்டர் குடுத்து, கூலியைக் காயினா அனுப்பறாங்க. பேங்குல போட்டா மெசேஜ் வீட்டுக்காரர் போனுக்குப் போகுது. இவங்க பேங்குக் கணக்குல இருக்கற நம்பரே அவரோடதுதான். ஒரு ரூபா வந்தாலும் ஒரு ரூபா போனாலும் அவருக்குத் தெரிஞ்சுரும். அதனால காயினா வாங்கி எங்க கம்பெனில சேத்து வெச்சிருக்காங்க. ஒண்ணே முக்கால் லட்சம் சேந்துருச்சு. ரெண்டாவது படிக்கற பொண்ணு ஒண்ணு. அதைக் கூட்டிட்டு எங்காவது போயிரலாம்னு கணக்கு. இதெல்லாம் அவங்க அப்பச் சொல்லலைங்க, பின்னால பைலைப் பாத்தும் அக்கம்பக்கம் விசாரிச்சும் நானா தெரிஞ்சுக்கிட்டது.

வெளிநாட்டுக் காசு வருதேன்னு எனக்கு வந்துச்சு பைலு. வீடியோல கூப்பிட்டேன். பின்னால தையல் சட்டம் ஒண்ணு, அதுல பாதி மயிலு. மெதுவாப் பேசினாங்க. பில்லு இருக்குதான்னு கேட்டேன். பில்லெல்லாம் இல்லைங்க சார், வாட்சப்புலதான் ஆர்டருன்னாங்க. அப்ப உங்க விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு வரும், அதுல கேக்கறதை அனுப்பி வைங்கன்னேன்.

"வீட்டுக்கு மட்டும் எதுவும் அனுப்பாதீங்க சார். மெயில்ல கேளுங்க, எல்லாம் குடுக்கறேன்."

"ஏனுங்க?"

"வீட்டுல தெரியக் கூடாதுங்க."

"ஏன் தெரியக் கூடாது?"

கையில இருந்த ஊசியைத் துணில குத்தி வெச்சாங்க. பொறவு கேமராவ நேராப் பாத்து, "அது உங்களுக்கு எதுக்குங்க சார்?"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நீங்களே சொல்லுங்க, நான் என்ர வீட்டு விசயமாவா கேட்டேன்? பதினாலு வருசமா ஆயிரக்கணக்குல ஆளுகளைக் கேட்டிருக்கேன், ஒருத்தரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. எங்க பாரத்துல ஒரு கட்டம் இருக்குது. வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி மெயில் மட்டும்னு. அதை டிக் பண்ணி மேனேஜர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினாப் போதும். ரெண்டு நிமிச வேலை. நான் டிக் பண்ணலை. அந்த வாரம் ஆடிட்டு வேற. வேண்டாம்னு சொல்ற ஆளைத்தான் மொதல்ல கவனின்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ரூல் ரூல்தானுங்க. உள்ளதைச் சொல்றேன், கொஞ்சம் கோவமும் இருந்துச்சு.

தபால் போச்சு. கவர் மேல கம்பெனி பேரு, பெருசா ஒரு தங்கக் காசுப் படம். ஒரு வாரத்துல, தபாலை வாங்கினவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பற ஒப்புகை அட்டை திரும்பி வந்துச்சு. அதுல இருந்தது அந்த அம்மணி கையெழுத்து இல்லைங்க. பேனாவ அமுக்கி, அட்டை கிழியற மாதிரி ஒரு கையெழுத்து. எனக்குத் தெரியாதா, கையெழுத்துப் பாக்கறதும் என்ர வேலைதானே. பைல்ல கோத்து வெச்சுட்டேன். ஒப்படைக்கப்பட்டதுன்னு எழுதினேன்.

பழனி வந்துருச்சு. பத்து நிமிசம் நிக்குமாம். டீ குடிக்கலாங்களா? நீங்க எறங்கலையா? சரி, நானே வாங்கிட்டு வந்தர்றேன். பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.

இந்தாங்க, சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன். யாருகிட்டயோ போன்ல பேசிட்டிருந்தீங்க, என்னையக் கண்டதும் வெச்சுட்டீங்களே. பேசுங்க, எனக்கென்ன. காதை மூடிக்கிட்டு இருந்து பழகினவன் நான்.

எதுல விட்டேன்? ஆமா, அட்டை. அட்டை வந்து ஒம்பது நாள் கழிச்சு அந்த அம்மணி மறுபடி வீடியோல வந்தாங்க. இது ஆளு பேசறதில்லை, கம்ப்யூட்டரே பேசும். முகத்தைக் கட்டத்துக்குள் வைக்கவும். தலையை இடப்பக்கம் திருப்பவும். கண்ணைச் சிமிட்டவும். போட்டோவ வெச்சு ஏமாத்தக் கூடாதுன்னுதான் அப்படி. கணக்குல இருக்கற காசை வெளிய எடுக்கோணும்னா அதுல பாஸ் ஆகோணும்.

அவங்க கட்டத்துக்குள்ள மூஞ்சியை வெச்சாங்க. இடது கண்ணு மூடிக் கெடக்குதுங்க. கன்னம் வீங்கி, உதடு ஒரு பக்கம் தடிச்சு, மூக்குக்குக் கீழ காஞ்ச ரத்தம். தலையைத் திருப்பவும்னுச்சு, திருப்பினாங்க. திருப்பறப்ப வலிச்சிருக்கும்போல, பல்லைக் கடிச்சாங்க. கண்ணைச் சிமிட்டவும்னுச்சு. ஒரு கண்ணுதான் சிமிட்ட முடிஞ்சுச்சு. மறுபடி கேட்டுச்சு. மறுபடி அந்த ஒரு கண்ணையே சிமிட்டினாங்க.

முகம் பொருந்தவில்லை. நாப்பத்தொரு சதவீதம். அப்படின்னு போட்டு என்ர மேசைக்கு அனுப்பிருச்சு, நீ பாத்து முடிவு பண்ணுன்னு.

எனக்குத் தெரியும் அவங்கதான்னு. இடது புருவத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்குது, பழைய தழும்பு, ஆதார் போட்டோலயும் இருக்கும். வீக்கத்துக்கு நடுவுலயும் அது தெரிஞ்சுச்சு. ஆனா அறுவதுக்குக் கீழ இருந்தா செவப்புதாங்க. அறுவதுக்குக் கீழ பச்சை அமுக்கினா ஏன்னு எழுதிக் குடுக்கோணும். என்னன்னு எழுதறது? மூஞ்சி வீங்கியிருக்குதுன்னு எழுதவா? ஏன் வீங்குச்சுன்னு கேப்பாங்க. தபால் போட்டது யாருன்னு கேப்பாங்க. செவப்பை அமுக்கிட்டேன்.

செவப்பை அமுக்கினா அவங்களுக்குத் தானா ஒரு மெசேஜ் போகுமுங்க. நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து மீண்டும் முயற்சிக்கவும்னு.

அவங்க முயற்சிக்கலை. அன்னைக்கும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை.

அந்த வீடியோ பதினோரு செகண்டு. அஞ்சு வருசம் அழிக்கக் கூடாது, சட்டம். அதனால அது அங்கயே இருக்குது. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து ஒருக்கா போட்டுப் பாப்பேன். சும்மா இல்லைங்க, சரியாத்தான் பண்ணினமான்னு சரிபாக்கறதுக்கு. ரெண்டு வருசமா தெனம் சரிபாக்கறேன். ஒரு நாள் பாக்கலைன்னா அடுத்த பைலைத் தொறக்க முடியறதில்லை. இப்ப யாரு கேமரா முன்னால வந்து இடப்பக்கம் திரும்பினாலும், திரும்பி முடிக்கறதுக்குள்ள அந்த அம்மணி மூஞ்சியாயிருது. காலேஜ் பையன் திரும்புவான், அவங்க மூஞ்சி. மீசை வெச்ச ஆளு திரும்புவாரு, அவங்க மூஞ்சி. சவரம் பண்றப்பக் கண்ணாடில நான் திரும்பறேன், எனக்கே திக்குங்குது. போன கார்த்திகைல என்ர வீட்டுக்காரி பல்லு வலில கன்னம் வீங்கி சமையக்கட்டுல நின்னுட்டு இருந்தா. எனக்கு ஆளு தெரியலைங்க. யாருங்க வேணும்னு கேட்டுட்டேன். அவ அழுதுட்டா.

டாக்டர் மாத்திரை குடுத்தாரு. மாத்திரைக்குப் போற விசயமா இது?

ஒரு ஞாயித்துக்கெழமை வண்டிய எடுத்துட்டு அவங்க வீட்டைப் பாக்கப் போனேன். வீடு எங்கன்னா கேக்கறீங்க? தளி ரோட்டுல போனா ஒரு மாவு மில்லு வருதுல்ல, அதை ஒட்டி உள்ள போற சந்து. பச்சை கேட்டு, வாசல்ல கறிவேப்பிலை மரம். ஆமாங்க, அதேதான், உங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கம்போல. வீடு பூட்டியிருந்துச்சு. மில்லுக்காரர்கிட்ட ஜாடைமாடையா விசாரிச்சேன். அந்தப் புள்ளை கொழந்தையத் தூக்கிட்டுப் போயிருச்சுங்க, எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரன் பஸ்ஸு பஸ்ஸா ஏறித் தேடிட்டு இருக்கறான், கையில சிக்கினா அவ்வளவுதான்னு சொல்லிட்டுத் திரியறான்னாரு. ஆனா ஒண்ணுங்க, உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். உசுரோட இருக்காங்க. காசு இல்லாமயே கெளம்பிட்டாங்க பாருங்க. கையில ஒத்தப் பைசா இல்லாம ஒரு புள்ளையத் தூக்கிட்டுப் போறதுன்னா சும்மாவா?

அந்த வீட்டுக்காரரை நான் பாத்ததே இல்லைங்க. எங்க பைல்ல அவரு மூஞ்சி இல்லை. கணக்கு யாரு பேர்ல இருக்குதோ அவங்களைத்தான் நாங்க கேப்போம். மத்தவங்களைக் கேக்க ரூல் இல்லை.

நல்லாக் கேக்கறீங்க நீங்க. எங்க ஆபீசுல ஒருத்தருகிட்ட இதைச் சொல்ல முடியாது. என்ர வீட்டுலயும் சொல்லலை. ரகசியத்தை நெஞ்சுக்குள்ள வெச்சுட்டு இருக்கறவனுக்கு, கேக்க ஒரு ஆளு கெடைக்கறதே பெரிய விசயமுங்க.

போன மாசம் இருபத்தி ரெண்டாந்தேதி அந்தக் கணக்குல யாரோ உள்ள வந்தாங்க. புது போனு. விலாசம் மாத்தோணும்னு மனு, கூட வாடகை ஒப்பந்தம். வீடியோவும் குடுத்திருக்காங்க. நான் கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் தொறந்தேன். இளைச்சிருந்தாங்க. கண்ணு ரெண்டும் நல்லாத் தொறந்திருந்துச்சு. ரெண்டையும் சிமிட்டினாங்க. தொண்ணூத்தாறு சதவீதம். நான் கக்கூசுக்குப் போயி அழுதுட்டு வந்து பச்சையை அமுக்கினேன்.

ஆனா அன்னைக்குச் செவப்பை அமுக்கினப்பக் காசு மேல விழுந்த நிறுத்தம் அப்படியே இருக்குது. அது எடுபடோணும்னா ஒரு காகிதத்துல அவங்க கையெழுத்து வேணும். காகிதம் போகோணும்னா தபால். மனுவுக்குக் கீழ ஒரு குறிப்பு எழுதியிருந்தாங்க. அதையும் விலாசத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் கொண்டாந்திருக்கேன். கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய எடுக்கக் கூடாதுதான், தப்புதான், நல்லதுக்குத்தானே. இருங்க, படிக்கறேன். "இந்த விலாசத்தை யாருக்கும் சொல்லிடாதீங்க. போன தடவை மாதிரி தபால் போட்டுடாதீங்க. எம்பொண்ணு இங்க பள்ளிக்கூடத்துல சேந்துட்டா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்." பாத்தீங்களா? இதுக்கு மேல தபால் போடுவனுங்களா நான்? இந்தத் தடவை அந்தக் கட்டத்தை நானே டிக் பண்ணினேன். மேனேஜர் கையெழுத்துப் போடலை, சும்மா ஏன் ரிஸ்க்குன்னுட்டாரு. லீவு போட்டுட்டு நானே கையில கொண்டு போறேன். ஒரு காக்காய்க்குக் கூடத் தெரியாது. பெரியகுளம் வடகரை, பழைய தியேட்டருக்குப் பக்கத்துல, கீழ சைக்கிள் கடை, மேல மாடி. எழுத்துப் புரியலைங்களா? நீங்களே பாருங்க, என்ர எழுத்து கோழி கிண்டினாப்பலதான் இருக்கும்.

அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டு வர்றேன். தப்பு நடந்து போச்சுங்க அம்மணின்னு சொல்லோணும். அது உங்களுக்கு எதுக்குன்னு அன்னைக்குக் கேட்டீங்களே, சரியாத்தான் கேட்டீங்கன்னு சொல்லோணும். அவங்க கதவைச் சாத்தினாலும் பரவால்லை. நல்லா இருக்கற மூஞ்சியை ஒருக்கா நேர்ல பாத்துட்டா, அந்தப் பதினோரு செகண்டு என்னைய விட்டுப் போயிரும்னு ஒரு நெனைப்பு.

என்ன, போன்ல என்ன காட்டறீங்க? போட்டோவா? கொஞ்சம் தள்ளிப் புடிங்க, வெயில் அடிக்குது. ம். அவங்கதானுங்க. கல்யாணத்துல எடுத்ததாட்ட இருக்குது, மாலையெல்லாம் போட்டு, சின்ன வயசு, கொஞ்சம் பூசினாப்பல இருக்காங்க. ஆனா அவங்கதான். அந்தப் புருவத்துல வெட்டு, காதோரம் இறங்கற அந்த வளைவு, எனக்குத் தெரியாதா. பொருந்துதுங்க. சந்தேகமே இல்லை.

பக்கத்துல நிக்கற மாப்பிள்ளையத்தான் உங்க கட்டைவெரல் மறைக்குது.

இந்தப் போட்டோ உங்க போனுக்கு எப்படிங்க வந்துச்சு?

நான் பேரே சொல்லலையே.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சுங்க. எறங்கோணும் நீங்க. எல்லாரும் எறங்கறாங்க பாருங்க. கண்டக்டர் உங்களைத்தான் கேக்கறாரு. பெரியகுளம் ஒண்ணா? உங்களுக்கு ஒட்டன்சத்திரத்துலதானே வேலைன்னீங்க? கண்டக்டரே, வேண்டாமுங்க, அவருக்கு டிக்கெட்டு குடுக்காதீங்க. குடுத்துட்டீங்களா.

அந்தச் சீட்டைக் குடுங்க. மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டீங்க, அது என்ர சீட்டுங்க. குடுத்துருங்க. நீங்க அவங்க அண்ணனா? அண்ணனா இருந்தா நல்லதுங்க, ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லுங்க, நான் நம்பிக்கறேன். மாமா பையனா? யாரா இருந்தாலும் சொல்லுங்க. பேரு என்னங்க உங்களுக்கு? ஆதார் வெச்சிருக்கீங்களா? அந்தச் சந்து, அந்த மாடி, அந்தப் புள்ளையோட பள்ளிக்கூடம், அத்தனையும் சொல்லியிருக்கேன், நீங்க யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நான். எல்லாரையும் கேக்கறவன், உங்களைக் கேக்கலையே.

வெளிய பாத்தது போதுமுங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. உங்க மூஞ்சியை நான் இன்னும் பாக்கவே இல்லை.